கருவிகள் கூடினால் நிலநடுக்கங்களும் கூடுமா?

கேள்வி இது: ஒரு நாடு தன் நில அதிர்வுக் கண்காணிப்பு நிலையங்களைப் பெருக்கிப் புதுப்பிக்கிறது. அடுத்த ஆண்டே பட்டியலில் நிலநடுக்கங்கள் பல மடங்காகின்றன. பூமி உண்மையிலேயே அதிகம் குலுங்குகிறதா? இல்லை, கருவிகள் செய்யும் மாயமா? எண்ணிக்கை ஏறுவதைத் தவிர இந்தச் செலவால் வேறு என்ன கிடைக்கிறது?

பெரும்பாலும் பூமி பழையபடியே இருக்கிறது, கேட்கும் காது கூர்மையாகிவிட்டது என்பதுதான் வழக்கமான பதில். தவறில்லை. ஆனால் எந்த ஊரில் எண்ணிக்கை ஏறினாலும் இதையே சொல்லிக் கேள்வி கேட்டவரை அனுப்பிவைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அது ஆபத்து. சில இடங்களில் எண்ணிக்கை மெய்யாகவே ஏறியிருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதற்கு முதலில் கொஞ்சம் கணக்கு.

உலகில் ஓர் ஆண்டில் 7-க்கு மேற்பட்ட அளவில் சராசரியாகப் பதினாறு நிலநடுக்கங்கள் நிகழ்கின்றன. 6 முதல் 6.9 வரை ஏறத்தாழ 130. 5 முதல் 5.9 வரை 1,300 சொச்சம். அளவில் ஒரு படி இறங்கினால் எண்ணிக்கை பத்து மடங்காகும். நிலநடுக்கவியலாளர்கள் குட்டன்பெர்க்கும் ரிக்டரும் 1940-களில் எடுத்துக்காட்டிய இந்த விகிதம் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் பொருந்துகிறது. ஆகவே, இதுவரை 2 அளவுக்கு மேற்பட்டவற்றை மட்டும் தவறாமல் பிடித்த ஒரு வலையமைப்பு, புதுப்பித்த பிறகு 1.5 வரை பிடிக்கத் தொடங்கினால், பட்டியல் மூன்று மடங்கு நீளும். 1 வரை இறங்கினால் பத்து மடங்கு. தரைக்குக் கீழே எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை.

எந்த அளவுக்கு மேல் ஒன்றுகூட விடுபடாமல் பதிவாகிறதோ, அதை முழுமை எல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பட்டியலைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அதன் முழுமை எல்லை எது, அது எந்தெந்த ஆண்டில் மாறியது என்பதைத்தான். எல்லைக்கு மேலே இருப்பவற்றை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். கீழே இருப்பவற்றை ஒப்பிட்டால், கருவி வாங்கிய கதையைப் பூமியின் கதை என்று படித்துக்கொண்டிருப்போம். 1931-இல் உலகம் முழுவதும் சுமார் 350 நிலையங்கள்தான் இருந்தன. இன்று 8,000-க்கு மேல். அப்படியிருந்தும் 7-க்கு மேற்பட்டவற்றின் நீண்டகாலச் சராசரி அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அந்த அளவை அன்றைய கருவிகளே தவறவிடவில்லை. 1989-இல் ஆறு, 2010-இல் 23 என்று ஏற்ற இறக்கம் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரு போக்கு என்று கோடு இழுக்க முடியாது.

புதுப்பித்தல் என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஜப்பானைவிட நல்ல பாடம் கிடையாது. 1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை அந்நாட்டில் கருவிகளுக்குப் பஞ்சம் இருந்தது என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கம், வானிலை முகமை ஒரு பக்கம், ஆய்வு நிறுவனங்கள் ஒரு பக்கம் என்று அவரவர் கருவிகளை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தனர். எல்லோருடைய கண்ணும், அடுத்த பெரியது அங்கேதான் வரும் என்று எதிர்பார்த்த தோக்காய் பகுதியின் மேல் இருந்தது. கோபே அடித்த பிறகு மூன்று காரியங்கள் நடந்தன. 1997 அக்டோபரிலிருந்து எல்லோருடைய தரவையும் வானிலை முகமை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. வலுவான குலுக்கத்தை அளக்கும் கே-நெட் என்ற ஏறத்தாழ ஆயிரம் நிலையங்கள் வந்தன. 2000 அக்டோபரில் ஹை-நெட் இயங்கத் தொடங்கியது.

ஹை-நெட்டில் ஏறத்தாழ 800 நிலையங்கள். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்று. நெருக்கத்தைவிட முக்கியமான சங்கதி, கருவி தரைமேல் இல்லை. குறைந்தது நூறு மீட்டர் ஆழமான துளைக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். லாரி, ரயில், தொழிற்சாலை, மரத்தை ஆட்டும் காற்று எல்லாமே நிலத்தை இடைவிடாமல் அதிரவைக்கின்றன. அந்த இரைச்சலுக்குள் 1 அளவுள்ள அதிர்வு மூழ்கிப்போகும். ஆழம் போகப்போக இரைச்சல் தணியும். தோக்கியோ சமவெளியில் மேலே தடிமனான வண்டல், அதற்கு மேலே மாநகரம். அதனால்தான் 1973-லேயே இவாட்சுகி என்ற இடத்தில் 3,510 மீட்டருக்குத் துளையிட்டுக் கருவியை இறக்கினார்கள். மூன்றரைக் கிலோமீட்டர்! இரைச்சல் எவ்வளவு பெரிய தடை என்பது 2020-இல் உலகத்துக்கே தெரிந்தது. கொரோனா ஊரடங்கின்போது மனித நடமாட்டத்தால் எழும் நில இரைச்சல் பல நாடுகளில் பாதி வரை குறைந்ததாக நிலநடுக்கவியலாளர்கள் அளந்து வெளியிட்டார்கள்.

ஜப்பானின் பட்டியலை வரைபடமாகப் போட்டால் படிக்கட்டு மாதிரித் தெரியும். 1997-இல் ஒரு படி, 2000-க்குப் பிறகு ஒரு படி. 2016 ஏப்ரலில் தானியங்கிக் கணிப்பு முறையைச் சேர்த்தபோது இன்னொரு படி. எந்தப் படியிலும் பூமிக்குப் பங்கில்லை. இதைத் தெரியாமல் 1990-ஐயும் 2020-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “ஜப்பானில் நிலநடுக்கம் பெருகிவிட்டது” என்று காணொளி போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதைவிட நுட்பமான இன்னொரு மாற்றம் அதிகம் பேசப்படுவதில்லை. நிலநடுக்கத்தின் அளவு வேறு, ஓர் ஊரில் அது எவ்வளவு பலமாகக் குலுக்கியது என்பது வேறு. ஜப்பானியர்கள் இரண்டாவதை ஷிந்தோ என்று 0 முதல் 7 வரை சொல்கிறார்கள். முன்பெல்லாம் வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பணியாளர் தன் உடம்பில் உணர்ந்ததையும் சுற்றிலும் விழுந்ததையும் வைத்து அந்த எண்ணைச் சொல்வார். அப்படிச் சொன்ன இடங்கள் நாடு முழுவதும் நூற்றைம்பது சொச்சம்தான். கோபேக்கு 7 என்ற எண் களஆய்வு முடிந்து பல நாள் கழித்தே கொடுக்கப்பட்டது. 1996 ஏப்ரலிலிருந்து கருவிதான் எண்ணைச் சொல்கிறது. உள்ளாட்சி மன்றங்களின் கருவிகளும் சேர்ந்து இடங்களின் எண்ணிக்கை நாலாயிரத்தைத் தாண்டியது.

விளைவை யோசித்துப் பாருங்கள். மலைப்பக்கத்தில் ஆழமில்லாமல் நிகழும் ஒரு நடுத்தர நிலநடுக்கம் தன் தலைக்கு நேர்மேலே இரண்டு மூன்று கிராமங்களைத்தான் பலமாகக் குலுக்கும். பழைய முறையில் அங்கே அலுவலகம் இல்லை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தவர் 4 என்று சொல்லியிருப்பார். இப்போது அந்தக் கிராமத்து அலுவலக வாசலிலேயே கருவி நிற்கிறது, 6 என்கிறது. அதே நிலநடுக்கம், வேறு தலைப்புச் செய்தி. 6 அல்லது அதற்கு மேல் என்ற செய்தி இப்போது அடிக்கடி வருவதில் ஒரு பங்கு இந்த அடர்த்திக்குச் சேர வேண்டும். அதே சமயம், கருவியின் பலவீனமும் வெளிப்பட்டது. 2004-இல் நீகாத்தாவின் கவாகுச்சி ஊரில் கருவி முதன்முதலாக 7 என்று பதிந்தது. மின்சாரமும் தொடர்பும் அறுந்ததால் அந்த எண் வெளியே வரச் சில நாட்கள் ஆயின. எங்கே உதவி முதலில் போக வேண்டுமோ அங்கிருந்துதான் தகவல் வரவில்லை.

அளவுகூட நிலையானதில்லை. கோபே நிலநடுக்கம் நிகழ்ந்தபோது ஜப்பான் வானிலை முகமையின் கணக்கில் 7.2. 2001-இல் கணக்கைத் திருத்தியதும் 7.3 ஆனது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் வேறு முறையில் கணக்கிட்டு 6.9 என்கிறது. கருவியும் சூத்திரமும் மாறும்போது பத்தில் ஒன்று, இரண்டு நகர்வது சாதாரணம். ஒரு நிலநடுக்கத்துக்கு அது அற்பம். ஆனால் ஒரு பட்டியல் முழுவதுமே 0.2 மேலே ஏறினால், 3-க்கு மேற்பட்டவற்றின் எண்ணிக்கை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

இவ்வளவு பேச்சும் எண்ணிக்கையைப் பற்றியது. எனக்கு ஹை-நெட்டில் பிடித்தது வேறு. அது இயங்கத் தொடங்கிச் சில மாதங்களிலேயே, தென்மேற்கு ஜப்பானில் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீளும் ஒரு மெல்லிய நடுக்கம் தெரிந்தது. நிலநடுக்கம் என்றால் தொடக்கம் கூர்மையாக இருக்கும், முதல் அலை எப்போது வந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். இதில் தொடக்கமே கிடையாது. ஒற்றை நிலையத்தின் தாளை மட்டும் பார்ப்பவர் நெடுஞ்சாலைப் போக்குவரத்து என்று ஒதுக்கியிருப்பார். பக்கத்துப் பக்கத்து நிலையங்களில் அதே ஏற்ற இறக்கம் சில வினாடி முன்பின்னாக வந்ததால், மூலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கசுஷிகே ஒபாரா கண்டுபிடித்து 2002-இல் வெளியிட்டார். ஷிக்கோக்கு தீவின் மேற்கிலிருந்து தோக்காய் வரை 600 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த நடுக்கம் ஒரு பட்டையாக ஓடுகிறது. தென்மேற்கு ஜப்பானை ஒட்டிய ஆழ்கடல் பள்ளமான நன்காய் அகழியில் அமிழும் புவித்தட்டு, மேல்தட்டோடு இறுகப் பிடித்திருக்கும் பகுதிக்குச் சற்றுக் கீழே, சில மாத இடைவெளியில் மெல்ல வழுக்குவதோடு இது சேர்ந்து வருகிறது. யாரும் உணராத, எதையும் இடிக்காத ஒன்று. ஆனால் அடுத்த பெரிய நிலநடுக்கத்துக்கு அந்தத் தட்டு எங்கே இறுகியிருக்கிறது என்பதைப் படிக்க இது உதவுகிறது. இதைத் தேடி யாரும் துளை போடவில்லை. சின்ன நிலநடுக்கங்களைப் பிடிக்க வைத்த வலையில் வந்து விழுந்தது.

அப்படிப்பட்ட ஜப்பானே 2011-இல் தடுமாறியது. மார்ச் 11, பிற்பகல் 2.46. மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை வந்துவிட்டது, அந்த வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட அளவு 7.9. மியாகி கடற்கரைக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் என்று அறிவித்தார்கள். உண்மையான அளவு 9.0. வந்த அலை அறிவித்ததைவிடப் பல மடங்கு உயரம். உடனடிக் கணக்கீட்டு முறை 8-க்கு மேல் போனால் குறைத்தே காட்டும் இயல்புள்ளது. அதைத் திருத்த வேண்டிய, மெதுவான நீண்ட அலைகளையும் பதியும் அகலப்பட்டைக் கருவிகளோ, உள்நாட்டில் இருந்தவை அனைத்தும் குலுக்கம் தாங்காமல் அளவெல்லையைத் தாண்டிவிட்டன. மெல்லிய ஒலிக்காகச் செதுக்கிய காது, பேரிடிக்கு முன் செவிடானது. நிலையங்களின் எண்ணிக்கை பெருமைப்படும்படி இருந்தும் அந்த ஒரு மணி நேரத்தில் தேவைப்பட்ட வகைக் கருவி போதுமான அளவு இல்லை. வலையமைப்பைப் புதுப்பித்தோம் என்று அரசுகள் எண்ணிக்கையைச் சொல்லும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: பெரியது வந்தால் எத்தனை கருவிகள் முள் முட்டாமல் பதியும்?

இன்னொரு குறையும் அன்று தெரிந்தது. நிலநடுக்கம் கடலுக்கு அடியில், கருவிகள் எல்லாம் கரையில். அதன் பிறகுதான் போசோ தீபகற்பத்துக்கு வெளியே தொடங்கி ஹொக்கைதோ வரை 150 கருவித் தொகுதிகளைக் கடலடிக் கேபிளில் கோத்து எஸ்-நெட் அமைத்தார்கள். கேபிளின் மொத்த நீளம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நிலநடுக்கத்தின் முதல் அலை வினாடிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் போகிறது, அழிவைத் தரும் இரண்டாம் அலை அதில் பாதியை விடச் சற்று அதிக வேகத்தில் பின்னால் வருகிறது. அகழியருகே நிகழ்வதை அங்கேயே பிடித்தால், கரைக்கு அலை வருவதற்குள் சில இடங்களில் இருபது வினாடிக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். ரயிலின் வேகத்தைக் குறைக்கத் தொடங்க அது போதும்.

அடர்த்தி தரும் தொல்லையும் உண்டு. 2018 ஜனவரி 5 காலை, தோக்கியோ வட்டாரத்தில் கைப்பேசிகள் எல்லாம் அலறின. பெரிதாக எதுவும் குலுங்கவில்லை. தோயாமாவிலும் இபராக்கியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்ந்த, 4 அளவை ஒட்டிய இரண்டு நிலநடுக்கங்களை ஒன்றாக எண்ணி, பெரியது என்று கணினி முடிவுகட்டிவிட்டது. காதுகள் பெருகும்போது எந்த ஒலி எந்த வாயிலிருந்து வந்தது என்று பிரிக்கும் வேலையும் பெருகுகிறது.

சரி, மெய்யான பெருக்கத்தை எப்படி அடையாளம் காண்பது? அமெரிக்காவின் ஓக்லஹோமாவுக்குப் போவோம். மத்திய அமெரிக்காவில் 1973 முதல் 2008 வரை 3 அல்லது அதற்கு மேற்பட்டவை ஆண்டுக்குச் சராசரியாக 25. 2015-இல் ஆயிரம். பெரும்பகுதி ஓக்லஹோமாவில். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெயோடு வரும் உப்புநீரை ஆழத்தில் செலுத்தியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னபோது, “புதிய கருவிகள் வைத்தீர்கள், அதனால் தெரிகிறது” என்ற வாதம் எழுந்தது. அந்த வாதம் நிற்கவில்லை. 3 அளவை அந்தப் பகுதியில் பழைய கருவிகளே பிடித்துக்கொண்டிருந்தன, வீட்டிலிருப்பவர்களும் உணர்வார்கள். முழுமை எல்லைக்கு மேலே ஏறிய எண்ணிக்கைக்குக் கருவியைக் காரணம் காட்ட முடியாது. 2016 செப்டம்பரில் பானி ஊரருகே 5.8 அளவில் ஒன்று வந்தது. உப்புநீர் செலுத்துவதைக் குறைத்த பிறகு எண்ணிக்கை இறங்கியது. கருவிகள் அப்போதும் அங்கேயே இருந்தன, குறையவில்லை. இந்த இறக்கம் போதும், வேறு சான்று வேண்டாம்.

ஒரு கருவிகூடப் புதிதாக வைக்காமல் எண்ணிக்கை பத்து மடங்கான கதையும் உண்டு. தென் கலிஃபோர்னியாவில் 2008 முதல் 2017 வரை பதிவான பழைய அலைவரிகளையே எடுத்து, தெரிந்த நிலநடுக்கங்களின் வடிவத்தை அச்சாக வைத்துக் கணினியால் தேடினார்கள். 2019-இல் வெளியான அந்தப் பட்டியலில் 18 லட்சம் நிலநடுக்கங்கள். முன்பு தெரிந்தது ஏறத்தாழ 1.8 லட்சம். இப்போது இயந்திரக் கற்றல் முறையில் ஃபேஸ்நெட் போன்ற மென்பொருள்கள் மனிதக் கண் தவறவிடும் அலைத்தொடக்கங்களையும் பிடிக்கின்றன. இதனால் பழைய ஆண்டுகளின் எண்ணிக்கைகூட இன்று மாறுகிறது.

எதிர்த்திசையிலும் நடக்கும். 2009 ஜனவரியிலிருந்து அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம், தன் நாட்டுக்கு வெளியே 4.5-க்குக் குறைந்தவற்றை, யாராவது உணர்ந்ததாகத் தகவல் வந்தாலன்றி, கணக்கிடுவதை நிறுத்தியது. அந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு உலகம் திடீரென்று அமைதியானதாகத் தோன்றும். அலுவலக முடிவு ஒன்று, வேறொன்றுமில்லை. பெரிய நிலநடுக்கம் முடிந்த முதல் சில மணி நேரமும் இப்படித்தான்: கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு சொன்னது கேட்காததைப்போல, பெரிய பின்னதிர்வுகளின் அலைக்குள் சின்னவை நூற்றுக்கணக்கில் அமிழ்ந்துவிடும். எவ்வளவு நல்ல வலையமைப்பானாலும் அந்நேரத்துப் பட்டியலில் ஓட்டை இருக்கும்.

இந்தியாவுக்கு வருகிறேன். 1897 ஷில்லாங் நிலநடுக்கத்தின் அதிர்ச்சியில் 1898-இல் கல்கத்தாவின் அலிப்பூரில் முதல் நிலையம் வந்தது. அடுத்த ஆண்டு பம்பாயிலும் நம் கோடைக்கானலிலும். 1960-களில் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அமைத்த உலகளாவிய வலையமைப்பில், ஒரே தரமான கருவியோடு இருந்த ஏறத்தாழ 120 நிலையங்களில் கோடைக்கானலும் ஒன்று. புவித்தட்டுகளின் எல்லைகள் கோடுபோல உலகப் படத்தில் தெளிந்தது அந்தக் கருவிகளால்தான், போர்ப்பயம் அறிவியலுக்குத் தந்த வரும்படி. தீபகற்பம் கெட்டிப் பாறை, இங்கே ஆபத்தில்லை என்ற நம்பிக்கையை 1993 செப்டம்பர் 30-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்த நிலநடுக்கம் உடைத்தது. 6.2 அளவு, ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்கள். தென்னிந்திய நிலையங்கள் உலக வங்கி உதவியோடு தரம் உயர்ந்தது அதற்குப் பிறகுதான். ஜப்பானானாலும் இந்தியாவானாலும் பணம் ஒதுக்கப்படுவது இடிபாடுகளை அள்ளிய பின்புதான் என்பது எரிச்சலூட்டும் ஒற்றுமை.

தேசிய நிலநடுக்கவியல் மையத்திடம் 2014-இல் 80 நிலையங்கள் இருந்தன. இப்போது 160-க்கு மேல். அதன் செயலியில் நாள்தோறும் வரும் 2.5, 3.1 எல்லாம் முன்பும் நிகழ்ந்தவைதான், பலவற்றைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. 2020 ஏப்ரல் முதல் டெல்லியைச் சுற்றி அடுத்தடுத்து வந்த சிறு அதிர்வுகளைப் பார்த்து, பெரியது வருகிறது என்று செய்தித் தொலைக்காட்சிகள் பீதி கிளப்பின. ஊரடங்கில் வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்த கோடிக்கணக்கானோர் 3.5-ஐயும் உணர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெல்லிக்கு நிலநடுக்க ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை, நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் அது ஆபத்து கூடிய மண்டலத்தில்தான் இருக்கிறது. அந்த ஆபத்துக்கு அந்த மாதத்து எண்ணிக்கை சான்றாகாது என்கிறேன். உங்கள் மாநிலத்தில் நிலநடுக்கம் கூடியதா என்று பார்க்க விரும்பினால், 4-க்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுத்து முப்பது நாற்பது ஆண்டுகளை ஒப்பிடுங்கள்.

அந்தச் செயலியில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: பல நிலநடுக்கங்களின் ஆழம் ‘10 கி.மீ.’ என்றே இருக்கும். எல்லாமே அதே ஆழத்தில் நிகழ்வதில்லை. மையம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு தொலைவுக்குள் ஒரு நிலையமாவது இருந்தால்தான் ஆழத்தை நம்பிக் கணக்கிட முடியும். நிலையங்கள் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை ஓரளவு வந்துவிடும், ஆழம் வராது. அப்போது ஓர் எண்ணை முன்கூட்டியே வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுவார்கள். உலகப் பட்டியல்களில் முன்பு அது 33, இப்போது 10. பக்கத்தில் ஒரு நிலையம் வந்த பிறகு அதே இடத்தில் நிகழும் அடுத்த அதிர்வுக்கு 6 என்றோ 14 என்றோ வரும்.